மருந்தே தொடங்காதவரிடம் மருந்துக்கு அடங்காத கிருமி: இந்தக் கணக்கெடுப்பு ஏன் நிற்கக் கூடாது



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். எச்.ஐ.வி. என்ற சொல்லைப் பார்த்ததும் விரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறவர்கள் நம் குடும்பத்திலேயே உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் பிளஸ் டூ விலங்கியல் படித்த ஒரு பெண் இப்போது வேறொரு மாவட்டத்தில் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறாள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசுகிற வேலை. போன மாதம் போனில் பேசும்போது கேட்டாள்: “சார், புதுசா நோய் தெரிஞ்சு வர்றவங்ககிட்டயே மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் இருக்கான்னு கணக்கெடுக்கிறாங்களாம். ஒரு மாத்திரைகூடப் போடாதவங்களுக்கு அது எப்படி சார் வரும்? கூட இருந்தவர், ‘அந்த ஆள் முன்னாடியே மருந்து சாப்பிட்டுட்டு மறைச்சிருப்பான்’னு சொல்லிட்டார். எனக்கு மனசு ஒப்பலை.”

நல்ல கேள்வி. இப்படி ஒரு கேள்விக்காகத்தான் 30 வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அன்று போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, நடுவில் பஸ் வந்துவிட்டது. முழுப் பதிலையும் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் கிருமியின் குணம். எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்டது. நம் செல்லுக்குள் புகுந்ததும் அதைப் பிரதி எடுக்க ‘ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்’ என்ற நொதியைக் கையோடு கொண்டுவருகிறது. இந்த நொதி ஓர் அவசரக்காரப் பையன். எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் பழக்கமே கிடையாது. மூன்று பிரதி எடுத்தால் சராசரியாக ஒன்றில் ஓர் எழுத்தாவது மாறிப்போகும். சிகிச்சை இல்லாத ஓர் உடலில் ஒரே நாளில் உருவாகும் புதிய வைரஸ்களின் எண்ணிக்கை நூறு கோடிகளில். 9,700 எழுத்துகளில் எங்கெங்கே ஓர் எழுத்து மாற முடியுமோ, அத்தனை மாற்றமும் தினம் தினம் அந்த உடலில் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவற்றில் ஏதாவது ஒன்று தற்செயலாக ஒரு மருந்தின் பிடியிலிருந்து நழுவக்கூடியதாக அமைந்துவிட்டால், அந்த மருந்தை மட்டும் கொடுக்கும்போது மற்றவை அழியும், அது மட்டும் பிழைத்துப் பெருகும். டார்வினைப் பாடமாக நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 1987-இல் முதல் மருந்தான ஏ.இசட்.டி. வந்தது. 1989-லேயே அதற்கு அடங்காத வைரஸை நோயாளிகளிடம் கண்டுவிட்டார்கள். 1993-இல் இன்னொரு செய்தி வந்தது: புதிதாகத் தொற்று வந்த ஒருவரிடம், அவர் அந்த மருந்தைத் தொடுவதற்கு முன்பே, ஏ.இசட்.டி.க்கு அடங்காத வைரஸ் இருந்தது. என் மாணவி கேட்ட கேள்விக்கு மருத்துவ உலகம் பதில் தெரிந்துகொண்டது அப்போதுதான். யாரிடமிருந்து தொற்று வந்ததோ, அவர் உடம்பிலேயே வைரஸ் அந்தப் பாடத்தைப் படித்து முடித்துவிட்டது. படித்து முடித்த வைரஸ்தான் இவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இவர் எதையும் மறைக்கவில்லை.

1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்து நிலைமையைத் தலைகீழாக மாற்றியது. ஒரே நேரத்தில் மூன்று பூட்டுக்கும் சாவி அமைவது அவ்வளவு எளிதல்ல. (காசநோயில் இந்தப் பாடத்தை 1940-களின் கடைசியிலேயே படித்திருந்தோம். ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது தேறிய நோயாளிகள் பலர் சில மாதங்களில் மறுபடி விழுந்தார்கள். அதன் பிறகே சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது.) இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தொடங்கிய இடங்களில் நம் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. அதற்கு முன் இந்த நோய் வந்தவர்கள் எப்படிப் போனார்கள் என்பதை நாமக்கல் பக்கத்தில் லாரிப் பட்டறைகளை ஒட்டி வாழ்ந்த நம் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மூன்று மருந்து இருக்கும்போது எதிர்ப்பு எப்படி வருகிறது? பலரும் ஒரே வரியில் ‘ஒழுங்கா மாத்திரை சாப்பிடலை’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

பல ஆண்டுகள் முதல்நிலைச் சிகிச்சையில் இருந்த மூன்று மருந்துகளில் ஒன்று நெவிராபின் அல்லது எஃபாவிரென்ஸ். இவை உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். கூட இருக்கிற மருந்துகள் சீக்கிரம் போய்விடும். ஒருவருக்கு மாத்திரை திடீரென்று நின்றுபோகிறது என்று வையுங்கள். மற்றவை வெளியேறிய பிறகும் எஃபாவிரென்ஸ் மட்டும் நாள்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேலே, ரத்தத்தில் தங்கியிருக்கும். மூன்று மருந்துச் சிகிச்சை அவருக்கே தெரியாமல் ஒற்றை மருந்துச் சிகிச்சையாகிவிடுகிறது. 1989-க்கே திரும்பிப் போய்விட்டோம்.

அந்த மாத்திரை ஏன் நின்றது? வடக்கே லோடு ஏற்றிப் போன டிரைவர் குறித்த தேதியில் மையத்துக்குத் திரும்ப முடியவில்லை. மாமியாருக்குத் தெரியாமல் டப்பாவை ஒளித்து வைத்த மருமகள், வீட்டில் விருந்தாளிகள் இருந்த நான்கு நாளும் எடுக்க முடியவில்லை. சில நேரம் மையத்திலேயே சரக்கு இருப்பதில்லை. 2022-இல் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தின் முன் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்களே, மறந்துவிட்டோமா? மாத்திரை சாப்பிட வேண்டும் என்று கேட்டுத் தெருவில் உட்கார்ந்தவர்களைப் பார்த்து ஒழுங்கில்லாதவர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

இப்போது எதிர்ப்பின் ஓர் எழுத்துக் கதை. நம் வகுப்பில் மரபுக் குறியீட்டு அட்டவணை வரைவோமே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். ஏ-ஏ-ஏ என்றால் லைசின். கடைசி ஏ மாறி சி ஆகி ஏ-ஏ-சி என்றால் அஸ்பராஜின். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸில் 103-ஆம் இடத்தில் லைசினுக்குப் பதில் அஸ்பராஜின் வந்து உட்கார்ந்தால் போதும், நெவிராபின், எஃபாவிரென்ஸ் இரண்டுமே கிட்டத்தட்ட வேலை செய்யாது. கே103என் என்பது அதன் பெயர். ஓர் எழுத்துப் பிழைக்கு ஒரு மார்க் குறைத்தால் சண்டைக்கு வருவீர்களே, இங்கே அந்த ஓர் எழுத்தில் ஒரு சிகிச்சையே போகிறது.

இதில் இன்னொரு விசேஷம். சில மாற்றங்கள் வைரஸையே பலவீனப்படுத்தும். லமிவுடினுக்கு எதிரான எம்184வி அப்படி. மருந்தின் நெருக்கடி இல்லாத உடலில் அது பழைய வடிவத்துக்கு மாறிப் பரிசோதனையின் கண்ணுக்குத் தப்பிவிடும். கே103என் அப்படியல்ல. அதைச் சுமப்பதில் வைரஸுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. தொற்றிய உடலில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆகவே புதிதாகக் கண்டறியப்பட்டவர்களின் ரத்தத்தில் நாம் பார்ப்பது உண்மையில் இருந்ததன் ஒரு பகுதிதான். ‘புதிதாகக் கண்டறியப்பட்டவர்’ என்றால் ‘புதிதாகத் தொற்றியவர்’ என்றும் அர்த்தமில்லை. பலருக்குத் தொற்று வந்து வருடங்கள் கழித்துத்தான் தெரியவருகிறது.

கணக்கெடுப்பு எப்படி நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாட்டின் சிகிச்சை மையங்களிலிருந்து முறைப்படி சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே சிகிச்சை தொடங்க வருகிற சில நூறு பேரிடம் சம்மதம் பெற்று ரத்தம் எடுப்பார்கள். குளிர்பதன வசதி இல்லாத இடத்தில் தடித்த தாளில் சொட்டுவைத்துக் காயவைத்தும் அனுப்பலாம். பெயர் போகாது, ஒரு எண்தான் போகும். ஆய்வகத்தில் வைரஸின் மரபெழுத்துகளைப் படித்து, தெரிந்த எதிர்ப்பு மாற்றங்களின் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்வார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஒரு கோடு போட்டது. ஒரு நாட்டில் சிகிச்சை தொடங்குகிறவர்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ நெவிராபின், எஃபாவிரென்ஸ் வகைக்கு அடங்காத வைரஸோடு வந்தால், அந்த நாடு முதல்நிலை மருந்தையே மாற்றுவது பற்றி அவசரமாக யோசிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு வெளிவந்த அறிக்கையில், ஆய்வு நடந்த 11 நாடுகளில் 6 நாடுகள் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தன. டொலுடெகிராவிர் என்ற புது மருந்து உலகின் முதல்நிலை மாத்திரையாக அவ்வளவு வேகமாக மாறியதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். விலையும் இறங்கி வந்தது. ஏழை நாடுகளுக்கு மூன்று மருந்து சேர்ந்த ஒற்றை மாத்திரை ஓர் ஆள் ஓர் ஆண்டுக்குச் சுமார் 75 டாலர் என்ற ஒப்பந்தம் அதே 2017-இல்தான் வந்தது. இன்று நம் நாட்டு ஏ.ஆர்.டி. மையங்களில் ‘டி.எல்.டி.’ என்று கொடுப்பது அதைத்தான். இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். எங்கோ முகம் தெரியாத சில நூறு பேர் தாளில் வைத்த ரத்தச் சொட்டு, லட்சக்கணக்கானவர்கள் வாயில் போடும் மாத்திரையை மாற்றியிருக்கிறது.

ஆசிரியர்களுக்கு இது புரிய ஒரு வழி இருக்கிறது. ‘ஏசர்’ என்ற கல்வி ஆய்வு தெரியும்தானே? கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள், ஒரு கழித்தல் கணக்குப் போடச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு மார்க் கிடையாது, பாஸ் ஃபெயில் கிடையாது. மார்க் விழுவது நமக்கு, பள்ளிக்கூடத்துக்கு. புதிதாக வந்த நோயாளியின் வைரஸைச் சோதிப்பதும் அப்படியே. அங்கே தேர்வு எழுதுவது நோயாளி அல்ல. கடந்த பத்தாண்டுகளில் நாம் எப்படி மருந்து கொடுத்தோம், இடைவெளி விட்டோமா, சிகிச்சை பலிக்காமல் போனவர்களை நேரத்தில் கண்டுபிடித்தோமா என்பதற்கான விடைத்தாள் அது. ஏனென்றால் மருந்து சரியாக வேலை செய்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை. எதிர்ப்புள்ள வைரஸ் இன்னொருவருக்குப் போகிறது என்றால், பெரும்பாலும் மருந்து பலிக்காமல் போன யாரோ ஒருவரை நாம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம், அல்லது அந்த வைரஸோடு இருப்பதே தெரியாத ஒருவரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2012 முதல் 2018 வரை சகாராவுக்குத் தெற்கே உள்ள 9 ஆப்பிரிக்க நாடுகளில், புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட கைக்குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் நெவிராபினுக்கோ எஃபாவிரென்ஸுக்கோ அடங்காத வைரஸ் இருந்தது. தாயிடமிருந்து தொற்றக் கூடாது என்று கொடுத்த மருந்தையும் தாண்டி வந்த வைரஸ் அது. அந்தக் குழந்தை எந்த மாத்திரையைச் சாப்பிட மறந்தது? யாரிடம் எதை மறைத்தது?

என் மாணவியோடு இருந்தவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஓர் ஊரில் மருந்து வாங்கியவர், பாதியில் விட்டு, சில வருடம் கழித்து வேறு ஊரில் புதியவர் போலப் பதிந்துகொள்வது உண்டு. அப்படி முன்னரே மருந்து எடுத்தவர்களிடம் எதிர்ப்பு மிக அதிகமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இப்போது ‘தொற்றிய எதிர்ப்பு’ என்று மட்டும் பார்க்காமல் ‘சிகிச்சைக்கு முந்தைய எதிர்ப்பு’ என்று இரண்டு வகையினரையும் சேர்த்தே பார்க்கிறது. ஆனால் அவர் ஏன் மறைத்தார்? உள்ளூர் மையத்தின் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். ‘ஏன் நிறுத்தினே?’ என்று நாலு பேர் முன்னால் ஒருவர் சத்தம் போட்டார். திட்டு வாங்கியவர் அடுத்த ஊரில் உண்மை சொல்வாரா? நம்மிடமே, வீட்டுப்பாடம் எழுதாத பையனை முதல் நாள் அடித்தால் இரண்டாம் நாள் நோட்டு தொலைந்துபோச்சு என்று வந்து நிற்பானே.

2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தை மனிதாபிமானத்துக்காக வந்தது என்று மட்டும் நினைக்கிறோம். என் பார்வையில் அது நல்ல புள்ளிவிவரத்துக்கான சட்டமும்கூட. பயந்தவன் கொடுக்கும் தகவலை வைத்து எந்த நாடும் மருந்துக் கொள்கை வகுக்க முடியாது.

‘இப்போதுதான் நல்ல மாத்திரை வந்துவிட்டதே, கே103என் இருந்தாலும் டொலுடெகிராவிர் கேட்கிறதே, இன்னும் எதற்கு இந்தக் கணக்கெடுப்பு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களே கேட்கிறார்கள். டொலுடெகிராவிருக்கு எதிராக வைரஸ் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை என்பது உண்மை. ஆனால் எளிதில் இல்லை என்றால் ஒருநாளும் இல்லை என்று அர்த்தமா? 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். டொலுடெகிராவிர் எடுத்தும் வைரஸ் அளவு குறையாதவர்களிடம் அந்த மருந்துக்கு எதிர்ப்பு 3.9 முதல் 8.6 சதவீதம் வரை இருந்தது. பழைய மருந்துகளில் இருந்து, வைரஸ் அதிகமாக இருக்கும் நிலையிலேயே இதற்கு மாற்றப்பட்டவர்களிடம் 19.6 சதவீதம் வரை போனது. இது எடுப்பவர் எல்லோரிலும் இத்தனை பேர் என்ற கணக்கு அல்ல, பெரும்பாலானவர்களுக்கு மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. பயந்து யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் இந்த வைரஸ் நாளை யாருக்கும் தொற்றலாம். தொற்றுகிறதா என்பதைப் புதிதாக வருகிறவர்களிடம்தான் பார்க்க முடியும். நெவிராபின் நன்றாக வேலை செய்த நாட்களிலும் ‘இதுதான் நல்லா இருக்கே’ என்றுதான் சொன்னோம்.

ஒரு நுணுக்கமான விஷயம், ஆய்வகத்தில் வேலை செய்கிற என் மாணவர்களுக்காக. டொலுடெகிராவிர் தாக்குவது வேறொரு நொதியை, இன்டகிரேஸை. பழைய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் புரோட்டியேஸ், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் பகுதிகளை மட்டும் படித்தன. இன்டகிரேஸ் பக்கத்தைத் திறக்காமல் ‘எதிர்ப்பு இல்லை’ என்று எழுதினால், தமிழ்த் தாளைத் திருத்திவிட்டுக் கணக்கில் பாஸ் என்று போடுவது மாதிரி.

அமெரிக்கா போன்ற நாடுகளில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சிகிச்சையின் தொடக்கத்திலேயே இந்த மரபுப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். இங்கே அப்படி வழக்கமில்லை. எல்லோருக்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முடிவு வரும்வரை மாத்திரையைத் தள்ளிப்போடும் ஆபத்து வேறு இருக்கிறது. அந்தப் பணத்தை, சிகிச்சை தொடங்கிய 6-ஆம் மாதம் செய்ய வேண்டிய வைரல் லோடு பரிசோதனை யாருக்கும் தவறாமல் நடக்கச் செலவழித்தால் இன்னும் நல்லது என்பது என் கருத்து. மருத்துவர்களான என் மாணவர்கள் இதில் மாறுபடலாம், கமெண்டில் சண்டை போடுங்கள், சந்தோஷம். ஆனால் கைக்குழந்தைகளுக்கும், மருந்து பலிக்காமல் போன துணையிடமிருந்து தொற்று வந்தவர்களுக்கும் தனியாகச் செய்யத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

மற்றவர்களுக்கு மாதிரிக் கணக்கெடுப்பு போதும். அது விடாமல் நடக்க வேண்டும், முடிவு அலமாரியில் தூங்காமல் சீக்கிரம் பொதுவில் வர வேண்டும். எந்த மாநிலத்தில் எதிர்ப்பு ஏறுகிறதோ அங்கே முதலில் மருந்துக் கிடங்கையும் லாரி டிரைவருக்குக் கையில் கொடுக்கும் மாத்திரை எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும், நோயாளியின் முகத்தை அல்ல.

1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்ததே சென்னையில் நடந்த ஒரு சிறிய கணக்கெடுப்பில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்து வேலூரில் சோதித்தார்கள். இந்தியாவில் இந்த நோய் இருக்காது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம். தேடியதால்தான் தெரிந்தது. ஆனால் தெரிந்த பிறகு ஊர் என்ன செய்தது? கிருமியை விட்டுவிட்டு அந்தப் பெண்களைப் பார்த்து விரல் நீட்டியது. 40 வருடம் ஆகப்போகிறது.

கமெண்டில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெரிந்தவர், தூரத்துச் சொந்தம் என்று யாருடைய பெயரையும் ஊரையும் குறிப்பிட வேண்டாம், குறிப்பிட்டால் அழித்துவிடுவேன். தனக்கோ வீட்டில் ஒருவருக்கோ சந்தேகம் இருக்கிறது என்றால் 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை தீரப்போகிறது, ஊரில் இல்லை என்றால் பக்கத்து ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள், தீர்ந்த பிறகு அல்ல, தீர்வதற்கு ஒரு வாரம் முன்னால்.